தாத்தாவின் துப்பாக்கிக்கு முத்திரை உண்டா?

எர்ணாவூர்க்காரர் யாரிடமாவது "என்பீல்டு" என்று சொல்லிப் பாருங்கள். "நம்ம திருவொற்றியூர் கம்பெனிதானே!" என்பார். புல்லட் மோட்டார் சைக்கிளைத்தான் அவர் நினைப்பார்.

ஆனால் அந்தப் பெயர் முதலில் மோட்டார் சைக்கிளின் பெயர் அல்ல. துப்பாக்கியின் பெயர்!

லண்டனுக்கு வடக்கே என்பீல்டு என்று ஓர் ஊர். அங்கே பிரிட்டிஷ் அரசாங்கத்தின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. ரெட்டிச் என்ற வேறோர் ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்தது ஒரு கம்பெனி. துப்பாக்கிக்கு வேண்டிய நுட்பமான உறுப்புகளைச் செய்து தரும்படி 1890-களில் அந்தக் கம்பெனிக்கு ஆர்டர் வந்தது. ராணுவத்துக்கே சாமான் செய்து கொடுக்கிறோம் என்ற பெருமையில், கம்பெனி தன் பெயரையே "என்பீல்டு" என்று மாற்றிக்கொண்டது. பீரங்கிப் படத்தைச் சின்னமாக வைத்தது. "துப்பாக்கி போல் செய்தது" என்று விளம்பரம் செய்தது. 1950-களில் அந்த மோட்டார் சைக்கிளின் ஆலை திருவொற்றியூரில் எழுந்தது.

"துப்பாக்கி போல்" என்றால் என்ன பொருள்? ஒவ்வோர் உறுப்பையும் அளந்து பார்த்துச் செய்தது, எண் போட்டது, தாங்குமா என்று சோதித்து முத்திரை குத்தியது. வாங்குகிறவனுக்கு நம்பிக்கை தருகிற சொல் அது.

அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் இப்போது கேள்வி. அன்று செய்த துப்பாக்கிகள் பல இன்றும் இருக்கின்றன. அவற்றுக்கு வயது எண்பது, நூறு. அன்று குத்திய முத்திரை இன்றும் செல்லுமா?

விடைபெற்ற ரைபிள்

2020-ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று உத்தரப் பிரதேசப் போலீசார் தங்கள் பழைய .303 ரைபிளுக்கு விடை கொடுத்தார்கள். அணிவகுப்பில் அதைக் கடைசி முறையாகத் தோளில் தூக்கி நடந்தார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேல் அவர்களிடம் இருந்த துப்பாக்கி அது.

"திரீ நாட் திரீ" என்றால் நம் ஊரிலும் தெரியாதவர் குறைவு. தமிழ்நாட்டுப் போலீசார் நெடுங்காலம் தூக்கியது. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த பிள்ளைகள் அணிவகுப்புப் பழகியது. இதன் முழுப்பெயர் லீ-என்பீல்டு. இரண்டு உலக யுத்தங்களிலும் இந்தியச் சிப்பாய்கள் பிடித்தது இதைத்தான். வங்காளத்தில், கல்கத்தாவுக்கு அருகே உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் இது செய்யப்பட்டது.

இப்படி விடைபெறும் ராணுவ, போலீஸ் துப்பாக்கிகள் நம் நாட்டில் சந்தைக்கு வருவதில்லை. யுத்தம் முடிந்ததும் ராணுவத்தின் லாரியும் ஜீப்பும் கூடாரமும் பூட்சும் "டிஸ்போசல்" என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. ரைபிள் அப்படி விற்கிற சரக்கு அல்ல. .303 என்பது தடை செய்யப்பட்ட அளவு. சாதாரண லைசென்சில் அதை வைத்துக்கொள்ள முடியாது.

ஏன் இந்தத் தடை? இதற்குப் பின்னால் வெள்ளைக்காரர்களின் பயம் இருக்கிறது. 1857-இல் சிப்பாய்கள் கொதித்தெழுந்ததற்கு ஒரு காரணம், என்பீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டாதான். அதன் பிறகு 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்சு இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. ராணுவக் கிடங்கிலிருந்து திருடிய தோட்டா வெளியார் துப்பாக்கியில் பொருந்திவிட்டால் என்ன செய்வது? ஆகவே பொதுமக்களுக்கு வேறு அளவு! .315 என்ற வேட்டை ரைபிள் அப்படி வந்ததுதான். உடம்பு லீ-என்பீல்டு மாதிரியே இருக்கும். தோட்டா மட்டும் வேறு. வெள்ளைக்காரன் போனான்; அந்த அளவு போகவில்லை. இன்றும் லைசென்சு வைத்திருப்பவர்களிடம் .315 இருக்கிறது.

கால் பங்கு கூடுதல்

சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

துப்பாக்கி சுடும்போது தோட்டா அறைக்குள் மருந்து எரிந்து வாயு பிறக்கிறது. .303 ரைபிளுக்குப் பிரிட்டிஷார் குழலில் பொறித்த கணக்கு, ஒரு சதுர அங்குலத்துக்குப் பதினெட்டரை டன். ஒரு பெரிய தபால் தலையின் மேல் சரக்கு ஏற்றிய லாரியை நிறுத்தினால் எவ்வளவு பாரமோ, அவ்வளவு! அந்த அழுத்தம் சுடுகிறவனின் கன்னத்துக்குச் சில அங்குலம் முன்னால் நிகழ்கிறது. இரும்பு விட்டுக்கொடுத்தால் போவது கண்ணும் கையும்தான்.

ஆகவே, துப்பாக்கி விலைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை. சாதாரணத் தோட்டாவைவிட ஏறக்குறையக் கால் பங்கு கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டு, ஆள் விலகி நின்று, சுடுவார்கள். லீ-என்பீல்டுக்கு இரண்டு தோட்டா: ஒன்று உலர்ந்தது, இன்னொன்று எண்ணெய் தடவியது. எண்ணெய் எதற்கு? உலர்ந்த தோட்டா அறையின் சுவரைப் பற்றிக்கொள்ளும். எண்ணெய் தடவியது வழுக்கிப் பின்னால் இடிக்கும். பின்பக்கத்துத் தாழ் முழு அடியையும் வாங்கும். அதையும் தாங்குகிறதா என்று பார்க்கத்தான். பிறகு குழல் வீங்கியிருக்கிறதா, விரிசல் உண்டா என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். தேறினால் குழலிலும் உடம்பிலும் தாழிலும் முத்திரை குத்துவார்கள். இதற்குத்தான் "புரூப்" சோதனை என்று பெயர்.

துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கிரேன், சங்கிலி, ஹூக் எல்லாவற்றையும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். 20 டன் வரை தூக்கும் கிரேனுக்குக் கால் பங்கு கூடுதல் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது கப்பல்துறைத் தொழிலாளர் பாதுகாப்பு விதி. தேறிய பிறகுதான் அதன் மேல் "இத்தனை டன்" என்று எழுதலாம். கிரேனுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே கணக்கு!

இங்கிலாந்தில் இந்தச் சோதனை மிகப் பழையது. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637-இல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காமில் 1813-இல் சோதனைச் சாலை ஏற்பட்டது. ராணுவத் துப்பாக்கியை வெளியே விற்கும்போது, "ராணுவம் ஏற்கனவே சோதித்ததுதானே" என்று விட்டுவிடுவதில்லை. வியாபாரச் சோதனைச் சாலைக்குப் போய்ப் புதிதாகச் சோதனை, புதிதாக முத்திரை. அதன் பிறகே விற்பனை. பிற்பாடு குழல் தேய்ந்துவிட்டாலோ, யாராவது கை வைத்து மாற்றிவிட்டாலோ, பழைய முத்திரை செல்லாது. அப்படிப்பட்ட துப்பாக்கியை மறுபடி சோதிக்காமல் விற்பது குற்றம்.

அமெரிக்காவில் வேறு வழக்கம். அங்கே அரசாங்கச் சோதனைச் சாலை கிடையாது. சோதனை கம்பெனிகளின் பொறுப்பு. ஆனால் அடையாளம் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வரும் துப்பாக்கியில், இறக்குமதி செய்தவரின் பெயரும் ஊரும் பொறித்திருக்க வேண்டும் என்கிறது 1968-ஆம் ஆண்டுச் சட்டம். இஷாப்பூர் ரைபிள்கள் கூட உபரிச் சரக்காக அங்கே போய் விலையாகியிருக்கின்றன. நம் நாட்டு அசோகச் சிங்க முத்திரைக்குப் பக்கத்திலே ஏதோ ஓர் அமெரிக்க வியாபாரியின் பெயர்!

இரும்பில் எழுதிய ஜாதகம்

பழைய ராணுவ ரைபிளைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு ஜாதகம். கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் ஒரு வளையம். அதில் கிரீடம் இருந்தால் வெள்ளைக்காரர் காலம். கீழே ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்து. "ஜார்ஜ், அரசர், சக்கரவர்த்தி" என்று பொருள். அதன் கீழே இஷாப்பூர் என்று ஊர்ப் பெயர், செய்த ஆண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு செய்ததாக இருந்தால் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்திருக்கும். அம்புக்குறி இருந்தால் அரசாங்கச் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால், "முறைப்படி விற்றாகிவிட்டது" என்பது பிரிட்டிஷாரின் குறி. "டி.பி." என்ற எழுத்து இருந்தால் அணிவகுப்புப் பழகுவதற்கு மட்டும். சுடவே கூடாது. அதன் தோட்டா அறையில் துளை போட்டிருப்பார்கள். கட்டையில் வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள். அந்தத் துளையை அடைத்துவிட்டுச் சுட நினைப்பது தற்கொலைக்குச் சமம்.

எண்தான் இதில் முக்கியம். உடம்பில் ஓர் எண். குழலில் அதே எண். தாழிலும் அதே எண். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஏனென்றால், தாழுக்கும் தோட்டாவுக்கும் நடுவே உள்ள இடைவெளி நூலிழைக் கணக்கு. அந்தந்தத் துப்பாக்கிக்கு அந்தந்தத் தாழை அளந்து பொருத்தியிருப்பார்கள். வேறு துப்பாக்கியின் தாழைக் கொண்டுவந்து மாட்டினால் மாட்டிக்கொள்ளும். வெளியே வித்தியாசம் தெரியாது. சுடும்போதுதான் தெரியும்! இடைவெளி கூடிவிட்டால் தோட்டாவின் பித்தளைக் கூடு நடுவில் பிளந்து, வாயு பின்னால் பீறிடும்.

அளவு மாற்றுவதிலும் இதே ஆபத்து. 1960-களில் ராணுவம் .303-ஐ விட்டு 7.62 மில்லிமீட்டருக்கு மாறியபோது, புதுத் தோட்டாவின் அழுத்தம் அதிகம் என்பதால் இஷாப்பூரில் வலுவான எஃகைக் கொண்டு வேறு ரைபிள் செய்தார்கள். பார்வைக்குப் பழைய என்பீல்டு, இரும்பு வேறு. பழைய உடம்பில் புதுக் குழலை மாட்டிவிட்டால் போதும் என்று தொழிற்சாலையே நினைக்கவில்லை. பட்டறைக்காரர் நினைக்கலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் ஆயுதச் சட்டம் 1959-இல் நிறைவேறியது. 1962 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 8-ஆவது பிரிவைக் குடும்பத்தார் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ குறியையோ யாரும் அழிக்கக் கூடாது, மாற்றக் கூடாது, பொய்யாகப் பொறிக்கக் கூடாது. எண்ணோ செய்தவர் பெயரோ வேறு அடையாளமோ இல்லாத துப்பாக்கியை விற்கக் கூடாது; கை மாற்றவும் கூடாது. சரி, அழிந்த எண்ணோடு ஒரு துப்பாக்கி உங்கள் வீட்டில் அகப்பட்டால்? அழித்தது நீங்கள்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். "இல்லை" என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு!

எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டால் போயிற்று என்று சிலர் எண்ணுகிறார்கள். போகாது. எண் குத்தும்போது அடியில் உள்ள இரும்பும் நசுங்குகிறது. மேலே வழவழப்பாகத் தேய்த்தாலும், திராவகம் தடவினால் நசுங்கிய இடம் வேறாகத் தெரியும். தடய அறிவியல் கூடத்தில் இது அன்றாட வேலை. திருட்டு மோட்டார் சைக்கிளின் சேசிஸ் எண்ணைக் கண்டுபிடிப்பதும் இதே வித்தைதான்.

சோதனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. லைசென்சு இல்லாமல் துப்பாக்கியைப் பழுது பார்க்கவோ சோதிக்கவோ கூடாது. துப்பாக்கிக் கடைக்காரரின் லைசென்சுப் படிவத்தில் கூட, "சோதனை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "புரூப் சோதனை நீங்கலாக" என்று போட்டிருக்கும். அது கண்டவர் செய்கிற வேலை அல்ல.

2019 டிசம்பரில் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். பரம்பரையாக வந்தாலும் இரண்டுதான். மூன்றாவதை ஒப்படைத்துவிட வேண்டும். லைசென்சின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்தினார்கள்.

இதன் விளைவைச் சற்று யோசிக்க வேண்டும். மூன்று இருந்த வீட்டில் எதை ஒப்படைப்பார்கள்? பழையதைத்தான். பெட்டியில் தூங்கிய துப்பாக்கி வெளியே வருகிறது. போலீஸ் நிலையத்துக்குப் போகலாம். லைசென்சு உள்ள கடைக்குப் போகலாம். அங்கிருந்து வேறொருவர் கைக்கும் போகலாம். அந்த வேறொருவர் எதை நம்பி வாங்குவார்? எண்ணை நம்பி வாங்குவார். எண், துப்பாக்கி யாருடையது என்று சொல்லும். குழல் தாங்குமா என்று சொல்லாது!

இங்கேதான் ஓட்டை இருக்கிறது. லைசென்சைப் புதுப்பிக்கப் போகிறவரிடம் எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். லைசென்சுக்கே இப்போது தனி அடையாள எண் கொடுத்து, தேசியப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் குழலின் நிலைமை என்ன என்று அந்த மேசையில் கேட்பதில்லை.

சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். எரிவாயு சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் "பி-28" என்பது போல ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன். சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர். டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். பி-28 என்றால், 2028 ஜூன் மாதத்துக்குள் இந்தச் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள். புதுச் சிலிண்டருக்குப் பத்து ஆண்டில் முதல் சோதனை. பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. தேதி தாண்டிய சிலிண்டர் வந்தால் வாங்க வேண்டாம் என்று சொல்ல இல்லத்தரசிக்கு உரிமை உண்டு.

அடுப்புக்கு வருகிற சிலிண்டருக்கு மறு சோதனை. துறைமுகக் கிரேனுக்கு மறு சோதனை. 1942-இல் முத்திரை குத்திய குழலுக்கு மட்டும் ஒரே முத்திரையா? முத்திரை சொல்வது, "அன்று தாங்கியது" என்பதை மட்டும்தான். அதன் பிறகு எத்தனை மழைக்காலம்! எத்தனை துரு! கடற்காற்று அடிக்கும் எர்ணாவூர் போன்ற இடத்தில் ஜன்னல் கம்பியே சில ஆண்டில் பொரிந்துவிடுகிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை லைசென்சு புதுப்பிக்கும்போது, பழைய துப்பாக்கியின் குழலையும் தாழையும் தகுதியுள்ள ஒருவர் அளந்து பார்த்துச் சீட்டுக் கொடுப்பது பெரிய செலவு அல்ல. நம் திருச்சியிலேயே அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து அதுவும் இஷாப்பூரும் ஒரே அரசாங்கக் கம்பெனியின் கீழ் வந்திருக்கின்றன. தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை.

கப்பலில் வரும் பழைய இரும்பு

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. வெளிநாட்டுப் பழைய இரும்பு!

2004 செப்டம்பர் 30-ஆம் தேதி டில்லிக்குப் பக்கத்தில், காசியாபாத் வட்டாரத்தில் உள்ள ஓர் உருக்கு ஆலையில் பயங்கர வெடி. பத்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். யுத்தம் நடந்த நாட்டிலிருந்து வந்த பழைய இரும்புக்குள் வெடிக்காத குண்டுகள் இருந்தன. யாரோ எங்கோ சோதிக்காமல் ஏற்றியனுப்பிய சரக்கு, இங்கே கூலிக்கு வந்தவனின் உயிரைக் குடித்தது.

அதன் பிறகு அரசாங்கம் விழித்துக்கொண்டது. நொறுக்காத பழைய இரும்பைக் குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் கொண்டுவரலாம் என்று உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் சென்னையும் எண்ணூரும் இடம்பெற்றன. கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே சோதனை செய்து, "ஆயுதம், தோட்டா, கண்ணிவெடி, குண்டு எதுவும் இதில் இல்லை" என்று சான்று தர வேண்டும். "உபயோகித்ததாக இருந்தாலும் இல்லை" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வெற்றுத் தோட்டாக் கூடு கூட வரக்கூடாது.

காகிதம் கப்பலில் வருகிறது. இரும்பைப் பிரிப்பது மனிதக் கை. காயலான் கடையில் வேலை செய்யும் பையனுக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: இரும்புக் குழாயில் பொடி எழுத்தில் எண்ணும் கிரீடமோ அம்போ சிங்கமோ தெரிந்தால், அது குழாய் அல்ல. அதை அறுக்கவும் கூடாது. நெருப்பில் வாட்டவும் கூடாது. எடைக்குப் போடவும் கூடாது. அப்படியே விட்டுவிட்டு முதலாளியிடம் சொல்ல வேண்டும். முதலாளி போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

பெட்டியில் அகப்பட்டால்...

பட்டாளத்தில் இருந்த பெரியவர் காலமாகிவிட்டார். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் எண்ணெய்த் துணியில் சுற்றிய துப்பாக்கி. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பாதிப்பேர் பயந்து மூடிவைப்பார்கள். சிலர் இரவோடு இரவாகக் கடலில் போட்டுவிடலாம் என்பார்கள். இரண்டும் தவறு.

சட்டத்தின் 21-ஆவது பிரிவு வழி சொல்கிறது. லைசென்சு முடிந்துபோன துப்பாக்கியைத் தாமதம் இல்லாமல் போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் உரிமை போய்விடாது. வாரிசு தம் பெயருக்கு லைசென்சு கேட்கலாம். கிடைத்தால் துப்பாக்கியைத் திரும்பப் பெறலாம். வேண்டாம் என்றால், வைத்துக்கொள்ள உரிமை உள்ளவருக்கு விற்கலாம். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே, எழுபது வயது ஆனதும், வாரிசுக்கு மாற்றவும் விதியில் இடம் உண்டு. ஆனால் சும்மா கிடந்தால், குறித்த காலத்துக்குப் பின் அது அரசாங்கத்துக்குப் போய்விடும்.

"இது பழசு, சுடாது, அலங்காரத்துக்கு மாட்டிவைக்கிறோம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் நிபந்தனை கடினம். பழுது பார்த்தாலும் சுடாது என்ற நிலையில் இருந்தால்தான் விலக்கு. "இப்போது சுடாது" என்பது போதாது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் வீட்டுக்காரர் அல்ல; அதிகாரிகள்.

துப்பாக்கியைக் கண்டதும் தாழை இழுத்துப் பார்க்க வேண்டாம். உள்ளே தோட்டா இருக்கலாம். குழந்தைகளை அந்த அறையிலிருந்து அனுப்பிவிட்டு, பெட்டியை அப்படியே மூடிவைத்து, பெரியவரின் லைசென்சுப் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனால் போதும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம். தகவல் சொன்னால் அவர்களே வந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, ரசீது கொடுத்து எடுத்துப் போவார்கள். அந்த ரசீதில் உள்ள எண்ணும் லைசென்சுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று மட்டும் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.